கருவாட்டு வீட்டில் ஒரு கிறீன் ரீ மணம்

எங்கள் வீட்டில் கருவாடு மணக்கும். நாறும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேறு வீட்டில் போய்ச் சாப்பிடட்டும். மன்னார் பேசாலையில் இதே வளவில் முப்பத்திரண்டு வருஷமாக மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்து விற்கிறேன். கட்டா மீனுக்கு உப்புப் பிடித்துவிட்டதா என்று நான் தொட்டுப் பார்ப்பதில்லை. பக்கத்தில் போனால் மூக்கே சொல்லிவிடும். என் பெயர் செபஸ்தியம்மா. வாய்க்காரி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லையே.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு ஜெயனி சென்ட் பூசிக்கொண்டு வந்தாள். ஜெயனி என் மகன் டிலுக்சன் கட்டப்போகிற பிள்ளை. படலையைத் திறக்கும்போதே அவளுக்கு முன்னால் அந்த மணம் வந்துவிட்டது. மல்லிகை, ரோசா என்று தலையிடி தருகிற சாமான் இல்லை. தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறினால் வருமே, முதலில் அப்படி ஒன்று. பிறகு பச்சையாக, நனைந்த புல்லைக் கசக்கினது போல. சாப்பிட்டு முடிகிற நேரம் அதுவும் போய், தோய்த்துக் காயவைத்த சீலை மணம் மாதிரி மெல்லியதாக ஏதோ மிஞ்சி நின்றது. என் மூக்கைப் பற்றித்தான் சொன்னேனே, அது ஒன்றையும் விடாது.

"என்ன பிள்ளை பூசியிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவள் பைக்குள் கைவிட்டுச் சின்னப் போத்தல் ஒன்றை எடுத்துக் காட்டினாள். இளம்பச்சைக் கண்ணாடி. அதில் ஒரு கொழுந்துப் படம், மேலே ஆங்கில எழுத்து.

"கிறீன் ரீ, மாமி."

"தேத்தண்ணியோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடிக்கிறதை ஆராவது கழுத்தில் பூசுவார்களா? என் மனுசன் வின்சன்ட் மாமரத்தடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "உனக்கென்னடி தெரியும்? கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை" என்றார். மன்னாரில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை, அவர் என்னைத்தான் சொன்னார் என்பதிலும் சந்தேகமில்லை.

"தேயிலை இப்பிடியோ மணக்கும்? உனக்குத் தெரியாமல் இருக்குமோ?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது மாமி. நான் தேயிலைச் செடியைக் கண்டதே இல்லை" என்று சொல்லிப் போத்தலைப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் அதிகம் கதைக்கவில்லை.

டிலுக்சன் எங்களுக்கு ஒரே பிள்ளை. படகு எஞ்சின் திருத்துகிறவன். ஏதோ பதிவு அலுவலாக நானாட்டான் பிரதேச செயலகத்துக்குப் போனவன், கந்தோரில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு நானாட்டானில் ஓயாமல் அலுவல் வந்துகொண்டிருந்தது. பெற்றவளுக்கு இது விளங்காதா? பிள்ளையின் தகப்பன் காத்தமுத்து வயல்களுக்கு உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். தாய் கலாராணி கூலிக்கு நாற்று நட, களை பிடுங்கப் போகிறவள். இரண்டு பேரும் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த குடும்பங்கள். அப்போது கலாராணிக்கு எட்டு வயதாம். ஜெயனி பிறந்து வளர்ந்தது எல்லாம் நானாட்டான் பக்கத்தில்தான்.

ஊர் சும்மா இருக்குமா? எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெற்றிசியா, "போயும் போயும் தோட்டக்காட்டிலயோ எடுக்கிறியள்?" என்று கேட்டாள். நான் அவளுக்கு நல்ல ஏச்சுக் குடுத்தேன். மலைநாட்டு ஆட்களை இழிக்கிற அந்தச் சொல்லை என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிள்ளை படித்தவள், அரசாங்க வேலை. சைவப் பிள்ளைதான், ஆனால் ஞானஸ்நானம் எடுக்க அவளாகவே ஒப்புக்கொண்டாள். உயிர்ப்புத் திருவிழாவுக்கு ஞானஸ்நானம், வைகாசியில் கலியாணம் என்று தை மாதத்தில் இரண்டு வீட்டாரும் எங்கள் வீட்டில் கூடியிருந்து பேசி முடித்தோம். சனிக்கிழமைகளில் அவள் பஸ் ஏறி வந்து கோயிலில் சிஸ்டரிடம் உபதேச வகுப்புப் படிப்பாள். வகுப்பு முடிய எங்கள் வீட்டில் சாப்பாடு. மூன்று மணி பஸ்ஸில் திரும்புவாள்.

முதல் சனிக்கிழமை சும்மாதான் வந்தாள். இரண்டாவது சனிக்கிழமையில் இருந்துதான் இந்த மணம்.

கருவாடு போடுகிறவளுக்கு முன்னால் ஒருத்தர் மூக்கைப் பொத்துவதும் சென்ட் பூசிக்கொண்டு வருவதும் ஒன்றுதான். கொழும்பில் இருந்து சாமான் எடுக்க வருகிறவர்கள் லேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டுதான் விலை பேசுவார்கள். அவர்களுக்கு நான் ஒரு சதமும் குறைப்பதில்லை. ஆனால் இவள் வியாபாரி இல்லை. இந்த வீட்டில் வந்து வாழப்போகிறவள். டிலுக்சனுக்கும் அவளுக்கும் என்று பின்பக்கத்தில் இரண்டு அறை கட்டி, மாபிள் போட்டு, உள்ளேயே குளியலறையும் வைத்திருந்தோம். யன்னலைக்கூடக் கருவாட்டுப் பரண் இருக்கிற பக்கம் வைக்காமல் கடல் பக்கமாக வைக்கச் சொன்னது நான்தான். அவன் எங்களை விட்டுப் போகக்கூடாது. வயதான காலத்தில் அவனும் போய்விட்டால் இந்த வளவில் நானும் இந்த மனுசனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

மூன்றாவது சனிக்கிழமையும் அதே மணம். பொறுத்தேன். நான்காவது சனிக்கிழமை பொறுக்கவில்லை.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை இருட்டிக்கொண்டு வந்தது. பரண் நிறையச் சீலா மீன் காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் எல்லாம் போச்சு. நான் ஓடினேன், வின்சன்ட் ஓடினார். ஜெயனியும் சட்டையை உயர்த்திக் கட்டிக்கொண்டு ஓடிவந்து இரண்டு கையாலும் அள்ளத் தொடங்கினாள். நல்ல மனதோடுதான் வந்தாள், அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் காற்று அவள் பக்கத்தில் இருந்து அடித்தது. அந்தத் தேசிக்காயும் புல்லும் என் சீலாவுக்கு மேலால் வந்தன.

"கையை எடு!" என்று கத்திவிட்டேன். "கருவாடு சென்ட் மணந்தால் ஆர் வாங்குவினம்?"

அவள் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கப் போகிற பிள்ளை மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதோடு விட்டிருக்கலாம். என் நாக்கு விடவில்லை.

"எங்கட வீட்டு மணம் பிடிக்காட்டி நேர சொல்லு பிள்ளை. சனிக்கு சனி உப்பிடி மருந்தடிச்சுக்கொண்டு வராதை."

மழை இரண்டு துளி போட்டுவிட்டு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. ஜெயனியும் போய்விட்டாள். சாப்பிடவில்லை. "போயிட்டு வாறன் மாமி" என்று மட்டும் சொன்னாள், மரியாதை குறையாமல். வின்சன்ட் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கழுதைப் பழமொழி எவ்வளவோ மேல்.

செவ்வாய்க்கிழமை டிலுக்சன் வேலையால் வந்து, கை கழுவாமலே குசினி வாசலில் நின்றான்.

"அம்மா, மன்னார் ரவுணில ஒரு வீடு பாத்திருக்கிறன். வாடகைக்கு. கலியாணம் முடிய அங்க போறம்."

"அப்ப பின்னுக்குக் கட்டின அறை என்னத்துக்கு? ஆட்டுக்குட்டி கட்டவோ?"

"ஜெயனிக்கு இஞ்ச இருக்க ஏலாதாம்."

"ஏனாம்?"

"சொல்லுறா இல்லை. கேட்டால் அழுகிறா." அவன் என்னை நேரே பார்த்தான். "நீங்கள் என்னம்மா சொன்னனீங்கள்?"

நான் சொன்னதைச் சொன்னேன், சீலாக் கதையை. அவன் நம்பவில்லை. "உதுக்கு அவ அழமாட்டா. இது வேற ஏதோ" என்றான்.

வேறு என்ன இருக்க முடியும்? கருவாட்டு மணம் அவளுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் என்று நான் முடிவுகட்டினேன். எந்தக் கருவாட்டு மணத்தில் இவனை வளர்த்துப் படிப்பித்தேனோ அந்த மணத்தைச் சொல்லி இவனைக் கொண்டுபோகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். புதன்கிழமை விடிய வெள்ளணவே நல்ல சீலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, தாயோடு தாயாகக் கதைத்துவிடுவோம் என்று நானாட்டானுக்குப் பஸ் ஏறினேன். வின்சன்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் போகவிட மாட்டார்.

கலாராணி வீட்டில்தான் இருந்தாள். அறுவடை முடிந்து வயல்கள் வெறும் ஒட்டாக, அடிக்கட்டையாகக் கிடந்த நாட்கள், கூலி வேலை இல்லை. மெலிந்த, உயரமான மனுசி. என்னைத் தனியாகக் கண்டதும் திடுக்கிட்டாள். பிறகு, "வாங்க அக்கா, வாங்க" என்று வீட்டில் இருந்த ஒரே கதிரையை இழுத்துப் போட்டாள். தான் வாசற்படியில் இருந்தாள். பால் விடாத சாயத்தண்ணி தந்தாள், சீனி தனியாக உள்ளங்கையில். நல்ல தேத்தண்ணி. அது எனக்கு அப்போது பிடிக்கவில்லை, சண்டைக்குப் போன இடத்தில் நல்ல தேத்தண்ணி கிடைப்பது இடைஞ்சல்.

"நான் நேர சொல்லுறன், குறை நினைக்கக்கூடாது" என்று தொடங்கினேன். "உங்கட மகள் எங்கட வீட்டுக்கு வரேக்குள்ள மட்டும் சென்ட் பூசிக்கொண்டு வாறா. கிறீன் ரீயாம். எங்கட தொழில் மணக்கிற தொழில்தான், அதை மறைக்கேலாது. அந்த மணம் பிடிக்காட்டி முதலே சொல்லியிருக்கலாம். இப்ப என்ர மகனையும் வீட்டை விட்டு வெளிக்கிடப் பண்ணுறா."

கலாராணி சீலைத் தலைப்பால் முழங்காலை மூடினாள். அவள் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மன்னாரில் இருந்து எங்களைப் போலவே கதைக்கப் பழகியவள். மனம் கலங்கினால் மட்டும் மலைநாட்டுக் கதை வந்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"நீங்க நினைக்கிற மாதிரி இல்லீங்க அக்கா. அவளுக்குக் கருவாட்டு மணம்னா உசிரு. நீங்க குடுத்துவிட்ட கட்டாவ ரெண்டு நாள்ல முடிச்சிட்டா."

"அப்ப என்னத்துக்கு அந்தச் சென்ட்?"

"தை மாசம் பேசி முடிச்சிட்டு வந்தமே, அன்னைக்கு பஸ்ஸுக்கு நிக்கிறப்போ கொடையை விட்டுட்டு வந்தது ஞாபகம் வந்துச்சு. இவதான் எடுத்துட்டு வாறேன்னு ஓடினா. வெறுங்கையோட திரும்பி வந்தா. கேட்டா, ஒன்னும் சொல்லல. வீட்டுக்கு வந்தப்புறம் கேக்கிறா, அம்மா, நம்ம மேல ஏதாச்சும் மணக்குதான்னு."

எனக்கு விளங்கிவிட்டது. அவள் சொல்லி முடிக்கும் முன்பே விளங்கிவிட்டது. கையில் இருந்த சீனி வியர்வையில் கரையத் தொடங்கியது.

"அப்புறந்தான் சொன்னா, நீங்க தணல்ல சாம்பிராணி போட்டு கதிரைக்கெல்லாம் புகை புடிச்சிட்டு இருந்தீங்களாம். நான் உக்காந்த கதிரைக்குத்தான் மொதல்ல." கலாராணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "சம்பளம் வந்த அன்னைக்கு அந்தப் போத்தல வாங்கினா. கடையில கடும் மணம் இல்லாததாக் குடுங்கன்னு கேட்டாளாம். கிறீன் ரீன்னு நான்தான் சிரிச்சேன். கொழுந்து மணம் எனக்குத் தெரியும்ல? அது இப்படி இருக்காது. இதில எலுமிச்சம்பழந்தான் இருக்கு."

நான் உடனே சொன்னேன்: "நாங்கள் ஒவ்வொரு நாளும் சாம்பிராணி போடுறனாங்கள். கருவாட்டு வீடெல்லோ. தேங்காய்ப் பொச்சுத் தணலில போடாட்டி இருக்கேலாது."

"இருக்கும்ங்க அக்கா" என்றாள் கலாராணி. "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அவள் சண்டை பிடித்திருந்தால் நான் வென்றிருப்பேன். எனக்கு அதில் பழக்கம் உண்டு. "இருக்கும்ங்க" என்ற சொல்லை என்ன செய்வது? குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

வங்காலை கழிந்து பஸ் ஓடிக்கொண்டிருந்தபோது முழுப் பூசணிக்காயை நான் சோற்றில் மறைக்கப் பார்த்ததை எண்ணிக்கொண்டு வந்தேன். நாங்கள் சாம்பிராணி போடுவது உண்மைதான். ஆனால் பொழுதுபடப் போடுவோம். ஆட்கள் வரப்போகிறார்கள் என்றால் வருவதற்கு முன்னால் போடுவோம், கருவாட்டு மணம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்க. இங்கே எந்தக் கருவாட்டு வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆட்கள் எழும்பிப் போனபிறகு போடுகிறவர் ஆரும் இல்லை. அன்றைக்கு அவர்கள் போனது பகல் இரண்டு மணி. அவர்கள் தெருத் திரும்பு முன்னமே நான் குசினிக்குள் போய்த் தணல் அள்ளினேன். ஏன் அள்ளினேன் என்று அப்போது என்னை நானே கேட்கவில்லை. கை தன்பாட்டில் செய்தது. வாய் சொல்ல வெட்கப்பட்டதைக் கை செய்துவிட்டது. பெற்றிசியாவாவது தான் நினைத்ததை வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னாள். நான் அவளுக்கு ஏசிவிட்டு, அவள் சொன்னதையே என் வீட்டுக்குள் செய்திருக்கிறேன். எனக்கு என்னில் அருவருப்பாக இருந்தது. மன்னார்ப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் பளீரென்று கிடந்தது, அதைப் பார்க்கக்கூட முகம் இல்லாமல் குனிந்துகொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வகுப்பு முடிந்து பதினொன்றரைக்கு வந்தாள். மணமும் வந்தது, ஒரு துளியும் குறையாமல். டிலுக்சன் கடற்கரையில் யாருடையவோ எஞ்சினோடு நின்றான். வின்சன்டை நான் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

"இரு பிள்ளை" என்றேன். இருந்தாள். நானும் எதிரில் இருந்தேன்.

"கொம்மாவைப் போய்ச் சந்திச்சனான். அவ சொன்னவ. நீ அண்டைக்குக் கண்டது மெய்தான்."

அவள் பையை மடியில் இருந்து இறக்கி வைத்தாள்.

"நாங்கள் ஒவ்வொரு நாளும் போடுறது எண்டு கொம்மாவுக்குச் சொன்னனான். அது பொய். அண்டைக்கு நான் போட்டது நீங்கள் வந்து இருந்திட்டுப் போனபடியால்தான்."

"ஏன் மாமி?"

இந்தக் கேள்விக்கு மூன்று நாளாக மறுமொழி தேடியிருந்தேன். தேடினதெல்லாம் மறந்து போயிற்று.

"உங்கட ஆக்கள் எங்களைவிடக் கீழ எண்டு எனக்குள்ள கிடந்திருக்கு. கிடக்குதெண்டு எனக்கே தெரியாது. வேற ஒரு காரணமும் இல்லை பிள்ளை. வெக்கமாக் கிடக்குது."

ஜெயனியின் கண் நிறைந்தது, ஆனால் அழவில்லை. கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பிடித்து இரண்டு தரம் உருட்டினாள். நான் துணிந்து அடுத்ததையும் சொன்னேன். அதற்காகத்தானே இவ்வளவும்.

"இனி உந்தச் சென்ட் உனக்குத் தேவையில்லை. அது இல்லாமலே நீ இஞ்ச வா. இது உன்ர வீடு. ரவுணில வாடகை வீடு வேண்டாம்."

"இல்லை மாமி" என்றாள். "முதல் நாள் உங்களுக்குப் பயந்துதான் பூசினனான். பஸ்ஸுக்குள்ள நாலு தரம் கையை மணந்து மணந்து பாத்தனான், பூசினது காணுமோ, போதாதோ எண்டு. பிறகு எனக்கே பிடிச்சிட்டுது. இப்ப கந்தோருக்குப் போகேக்கையும் பூசுறன், ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் வராத வீட்டில சும்மா இருக்கேக்கையும் பூசுறன். குளிச்சிட்டு வந்து பூசினால் மனசு நிமிர்ந்து நிக்குது. நீங்கள் ஏசினபடியால் விடமாட்டன். இப்ப நல்லாச் சொல்லுறியள் எண்டும் விடமாட்டன்."

சின்னப் பிள்ளை என்று நினைத்திருந்தேன். எனக்கு ஏற்ற மருமகள்தான். கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கு வரவில்லை.

"சரி. பூசு. நல்ல மணம்தான்" என்றேன். அதுவும் மெய்தான், முதல்நாளே எனக்கு அது பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொள்ள மூன்று கிழமை பிடித்தது.

"வீட்டுக் கதையை இப்ப கதைக்க வேண்டாம் மாமி."

"அப்ப என்னை நீ மன்னிக்கேல்லையோ?"

ஜெயனி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கந்தோரில், படிவத்தைப் பிழையாக நிரப்பிக்கொண்டு வந்த ஆளை இப்படித்தான் பார்ப்பாள் போலும்.

"அந்தக் கதிரையில இருந்தது நான் இல்லை மாமி. அம்மா."

சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்க் கோப்பைகளை எடுத்து வைத்தாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். புதன்கிழமை அந்த மனுசிக்கு முன்னால் இருந்து, அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அவளுக்கே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வந்து மன்னிப்பை மகளிடம் கேட்கிறேன். ஏன்? மகனை என் வீட்டில் வைத்திருக்கிற சாவி மகளிடம் இருக்கிறது. தாயிடம் எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறது என் மனம், எனக்குச் சொல்லாமலே.

மூன்று மணி பஸ்ஸில் நானும் ஏறினேன். ஜெயனி ஏன் என்று கேட்கவில்லை, யன்னல் பக்கத்தை எனக்கு விட்டுத் தந்தாள். மன்னாரில் இறங்கி மற்ற பஸ் எடுத்தோம். வழி முழுக்க அந்த மணம் என் பக்கத்தில் இருந்தது. தேசிக்காய் போய்விட்டது, புல்லும் போய்விட்டது, நானாட்டானில் இறங்கும்போது தோய்த்த சீலை மணம் மட்டும் மிச்சம். என்ன சொல்ல வேண்டும் என்று ஒருதரம் அவளிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது மாமி" என்றாள்.

கலாராணி முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தாள். எங்களை ஒன்றாகக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கதிரை எடுக்க உள்ளே ஓடினாள்.

"கதிரை வேண்டாம். நிண்டுகொண்டு சொல்லுறன்" என்றேன்.

"என்னங்க அக்கா, உக்காந்து சொல்லுங்க."

"இல்லை. புதன்கிழமை உங்களுக்குச் சொன்னது பொய். நீங்கள் இருந்திட்டுப் போனபடியால்தான் அந்தக் கதிரைக்குப் புகை பிடிச்சனான். நீங்கள் தோட்டத்து ஆக்கள் எண்டுதான். பிழை. பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ கலாராணி."

அவளுடைய முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வீட்டு விஷயமா வந்தீங்களா அக்கா? அது அவ முடிவுங்க. நான் ஒன்னும் சொல்லமாட்டேன்."

"வீட்டுக்காக வரேல்லை" என்றேன். பஸ் ஏறும்போது கேட்டிருந்தால் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். அந்த முற்றத்தில் நின்று சொன்னபோது பொய்யில்லை. டிலுக்சன் போகிறதென்றால் போகட்டும் என்று அந்த நேரம் மெய்யாகவே நினைத்தேன்.

கலாராணி குனிந்து கொத்தின விறகைப் பொறுக்கத் தொடங்கினாள். ஜெயனி தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அன்னைக்கு பஸ்ஸில வர்றப்போ இவ மூஞ்சியப் பாத்ததும் எனக்கு ஓரளவு தெரிஞ்சிடுச்சு" என்றாள் கலாராணி. "நீங்க மனசு போட்டு அலட்டிக்காதீங்க. எட்டு வயசில இருந்து எனக்கு இது பழக்கங்க அக்கா. இவளுக்குத்தான் புதுசு."

ஊரில் வாய்க்காரி என்று பெயரெடுத்த நான் குனிந்து நிலத்தில் கிடந்த விறகில் நாலைப் பொறுக்கிக் கையில் எடுத்தேன். எங்கே வைக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். அவள் காட்டினாள்.